திருப்தியா, வாத்தியாரே?

பள்ளிக்கரணையில் நம் கிளை ஆபீசை மூடப் போகும் வேளையில், ஒரு ராத்திரி, ஒரு தங்கை வந்து நின்றார். கையில் நாலைந்து காகிதங்கள். முகத்தில் கோபமும் சிரிப்பும் கலந்து கிடந்தன. ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக் கொடுப்பவர். எந்தக் காலேஜ் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் வருகிற ஜூன் மாதம் அவருக்கு அங்கே வேலை இராது. தகப்பனார் பெரம்பூரில் பின்னி மில் தறிகளின் முன் நின்றவர்; 1996-ல் ஆலையை மூடியபோது வீதிக்கு வந்தவர்களில் ஒருவர். அந்தத் தொழிலாளியின் மகள் எம்.எஸ்ஸி. தேறி, ‘நெட்’ பரீட்சையும் தேறி, இன்று கரும்பலகைக்குப் பதில் வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்கிறார்.

“அண்ணா, இதை எப்படி நிரப்பறதுன்னு நீங்களே சொல்லுங்க. ஒண்ணுன்னு மார்க் போட்டா பிரின்சிபால் கூப்பிட்டுக் கேப்பார். அஞ்சுன்னு போட்டா என் மனசாட்சி கேக்கும்.”

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், மெதுவாகத்தான் படிப்பேன். தலைப்பு இது: கம்ப்யூட்டர் வகுப்பறை வசதிகளில் ஆசிரியர்களின் திருப்தி. கேள்விகள் 24. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட வேண்டுமாம். ஒன்று என்றால் சுத்தமாகத் திருப்தி இல்லை. ஐந்து என்றால் பரம திருப்தி.

திரை கடைசி வரிசை வரை தெரிகிறதா? நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறதா? வெளிச்சம் போதுமா? குளிர்சாதனம் ஒழுங்காக ஓடுகிறதா? இணையத்தின் வேகம் எப்படி? ஆசிரியர் நிற்கும் இடத்திலிருந்து மாணவர்களின் திரைகளைப் பார்க்க முடிகிறதா? சுவரின் நிறம் மனதுக்கு உகந்ததாக இருக்கிறதா?

ஆமாம் தோழர்களே, சுவரின் நிறம்!

இருபத்துநாலையும் இரண்டு தடவை படித்தேன். ‘உமக்கு மாதச் சம்பளம் எவ்வளவு’ என்று ஒரு கேள்வி இல்லை. ‘மே மாதத்தில் என்ன சாப்பிடுகிறீர்’ என்று இல்லை. ‘அடுத்த வருஷம் இதே அறையில் இருப்பீரா’ என்றும் இல்லை. நாற்காலியைப் பற்றிக் கேட்கிறார்கள். நாற்காலியில் உட்காருகிறவரைப் பற்றிக் கேட்கவில்லை.

கேட்ட கேள்விகள் அற்பமானவை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தங்கை விவரித்த அறையை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்பது இயந்திரங்கள் இருப்பதாக ரிஜிஸ்தர் சொல்கிறது, ஓடுவது இருபத்துமூன்று. மாணவர்கள் அறுபது பேர். ஒரு திரைக்கு மூன்று பிள்ளைகள்: ஒருவன் தட்டுவான், ஒருத்தி பார்ப்பாள், மூன்றாமவன் ஜன்னல் வழியே சாலையைப் பார்ப்பான். மின்சாரம் போனால் தாங்குவதற்கு வைத்த பாட்டரிகள் செத்து எத்தனையோ மாதமாகிறது. ஒரு மணி நேரம் எழுதிய புரோகிராம், கரண்டு ஒரு கணம் கண் சிமிட்டினால் காற்றோடு போகும். திரை இருக்கும் சுவருக்கு எதிரே மேற்கு ஜன்னல். மாலை வெயில் அடிக்கும்போது திரையில் இருப்பது கோலமா எழுத்தா என்று தெரியாது. திரைச்சீலை கேட்டு இரண்டு வருஷமாகிறதாம். இதற்கெல்லாம் அவர் ‘ஒன்று’ போட விரும்பினால் அது நியாயம்.

ஆனால் அந்த அறை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: ‘காலணிகளை வெளியே விடவும்.’ தூசி பட்டால் இயந்திரம் கெட்டுப் போகுமாம். நம் ஊரில் கம்ப்யூட்டர் அறை என்று வந்த நாள் முதல் இந்தச் சாஸ்திரமும் கூடவே வந்தது. நம் விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இது புதுச் சங்கதி அல்ல. மேலத் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகச் சொன்ன காலத்தை அவர்களுடைய தாத்தாமார் கண்டிருக்கிறார்கள். அங்கே ஆண்டைக்கு மரியாதை. இங்கே பெட்டிக்கு மரியாதை.

குளிர்சாதனம் யாருக்காக வைத்தார்கள்? மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூற்பாலையில் ஈரக் காற்றைப் பரப்புகிறார்களே, அது தொழிலாளியின் நெஞ்சு குளிரவா? ஈரம் குறைந்தால் நூல் அறுந்து போகும், அதற்காக! நூலுக்கு வந்த யோகத்தில் தொழிலாளிக்குக் கிடைத்தது வியர்வையும் இருமலும். கம்ப்யூட்டர் அறையிலும் அதே நியாயம்தான்: குளிர் பெட்டிக்கு. பாடம் சொல்கிறவர் அந்தக் குளிரில் நாலு மணி நேரம் நின்றுவிட்டு, வெளியே வந்து, தாம்பரம் – வேளச்சேரி சாலையில் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்கிறார்.

திருப்தியை மார்க் போட்டு அளக்கும் வித்தை எங்கே விளைந்தது தெரியுமா? அமெரிக்காவில், சிகாகோ நகரத்தை ஒட்டி, ஹாதார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் பெரிய டெலிபோன் தொழிற்சாலை இருந்தது. 1924-ல் அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் தொழிலாளி அதிகம் உழைப்பானா என்பது கேள்வி. கூட்டினார்கள், உற்பத்தி ஏறியது. குறைத்தார்கள், அப்போதும் சில இடங்களில் ஏறியது! பண்டிதர்கள் திகைத்தார்கள். 1927-ல் சில இளம் பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, ஓய்வு நேரத்தை மாற்றியும் சம்பளக் கணக்கை மாற்றியும் ஐந்து வருஷம் வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பெண்களில் இருவர் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று 1928 ஜனவரியில் வெளியே அனுப்பிவிட்டு, வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். திருப்தி இல்லாதவர்களை வெளியேற்றிவிட்டால் மிச்சமிருப்பவர்கள் திருப்தியாகத்தானே இருப்பார்கள்?

அதோடு நிற்கவில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘உன் மனக்குறையைச் சொல்லு’ என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். குறையைத் தீர்ப்பதைவிட, குறையைச் சொல்லவைத்து மனதை ஆறவைப்பதில்தான் பயன் அதிகம் என்று பண்டிதர்கள் கண்டுகொண்டார்கள். அடுத்து 1930-களின் பெருமந்தம் வந்தது. மனக்குறை எழுதிக் கொடுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரை அதே கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. எழுதி வாங்கிய காகிதங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. அவற்றை வைத்துப் புத்தகங்கள் வந்தன.

நம் தங்கையின் கையிலிருந்த 24 கேள்விகள் அந்த வம்சத்துப் பேரப்பிள்ளைகள்.

இப்போது ஏன் திடீரென்று நம் காலேஜ்களில் திருப்தியை அளக்கிறார்கள்? ‘நாக்’ என்று ஒரு சபை. 1994-ல் பல்கலைக் கழக மானியக் குழு பெங்களூரில் அமைத்தது. அது காலேஜ்களுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் தரம் போடுகிறது. குழு வரப் போகிறது என்றால் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பார்கள். பூந்தொட்டி வாடகைக்கு வரும். மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் அபிப்பிராயம் கேட்ட காகிதங்கள் கோப்பில் இருக்க வேண்டும். தரம் போடுகிறவர்களின் தரத்தை 2025 பிப்ரவரியில் நாடே பார்த்தது. ஆந்திரத்தில் ஒரு தனியார் சர்வகலாசாலைக்கு நல்ல தரம் கொடுக்க லஞ்சம் வாங்கினார்கள் என்று குற்றம் சாட்டி, ஆய்வுக் குழுத் தலைவரையும் அங்கத்தினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. கைப்பற்றிய பொருள்களில் ரொக்கத்தோடு மடிக்கணினிகளும் இருந்தன. வழக்கின் முடிவைக் கோர்ட்டு சொல்லட்டும். கம்ப்யூட்டரால் யாருக்கு எந்த வகையில் திருப்தி வரும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இனிச் சம்பளக் கதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டு சர்க்கார் கலைக் கல்லூரிகளில் பாடம் சொல்கிறவர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நிரந்தர வேலையில் இல்லாதவர்கள். அவர்களுக்குச் சூட்டியிருக்கும் பெயர் ‘கௌரவ விரிவுரையாளர்’. கௌரவத்தை உலையில் போட்டுக் கிளறினால் சோறாகுமா? நிரந்தர ஆசிரியருக்கு என்ன படிப்பு வேண்டுமோ அதே படிப்பு இவருக்கும் வேண்டும். அதே பாடம், அதே பரீட்சை, அதே விடைத்தாள். வெகு காலம் மாதம் 15,000 ரூபாய், பிறகு 20,000, பிறகு 25,000. அதுவும் வருஷத்துக்குப் பதினோரு மாதம்தான். மே மாதத்தில் கௌரவத்துக்கு விடுமுறை. பல்கலைக் கழக மானியக் குழுவே 2019 ஜனவரியில் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்று உத்தரவு போட்டது. சென்னை உயர்நீதி மன்றமும் அந்த 50,000-ஐக் கொடுக்கச் சொல்லி 2024 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. குஜராத்தில் மாதம் 30,000 ரூபாய்க்கு வருஷக்கணக்காக உழைத்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களின் வழக்கில், 2025 ஆகஸ்டில், குருவைத் தெய்வம் என்று மேடையில் ஓதிவிட்டு இப்படியா நடத்துவது என்ற பொருளில் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்தது. கோர்ட்டுக்குப் புரிந்தது படிவம் தயாரித்தவர்களுக்குப் புரியவில்லை!

கம்ப்யூட்டர் ஆசிரியர்களை நடத்திய விதம் தனிப் புராணம். 1999-2000-ல் சர்க்கார் மேல்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் கொண்டுவந்தார்கள். பெட்டி வாங்கப் பணம் இருந்தது. வாத்தியாரை வாங்கப் பணம் இல்லை. ஆகவே எல்காட் மூலமாக, ஒப்பந்தத்தில், அற்பச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். வருஷக்கணக்காகப் பாடம் சொன்ன பிறகு, 1,880 பேர் விஷயத்தில், ‘உங்களுக்கே பாடம் தெரியுமா என்று பார்க்கிறோம்’ என்று 2008-ல் விசேஷப் பரீட்சை வைத்தார்கள். எத்தனை மார்க் எடுத்தால் தேர்ச்சி என்பதில் தகராறு. கேள்வித்தாளிலேயே தவறு என்று தகராறு. கோர்ட்டுக்கு மேல் கோர்ட்டு. கடைசியில் 652 பேர் வீதிக்கு வந்தார்கள். இருபத்தைந்து வயதில் உள்ளே போனவர்கள் நாற்பதை நெருங்கும்போது வெளியே வந்தார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள் சோழிங்கநல்லூரில் கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். 2019 ஜூன் 23-ந் தேதி, ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கம்ப்யூட்டர் பயிற்றுநர் பதவிகளுக்குப் பரீட்சை வைத்தது. பரீட்சையும் கம்ப்யூட்டரிலேயே. சில மையங்களில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிற்று! எழுத முடியாதவர்கள் மறியல் செய்ய, அவர்களுக்கு மறுபடி பரீட்சை வைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு அந்த அறைகளில் இந்தத் திருப்திப் படிவத்தை விநியோகித்திருக்க வேண்டும்.

நடுநிலைப் பள்ளிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் கதை இன்னும் கேவலம். 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள்: விளையாட்டு, ஓவியம், தையல், இவற்றோடு கம்ப்யூட்டரும். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2024-ல்தான் அது 12,500-ஐத் தொட்டது. களை எடுக்கும் தோழர்களே, மூன்று அரை நாள் வேலை பார்க்கிறவருக்கு மிச்சமுள்ள அரை நாட்களில் வேறு யார் வேலை கொடுப்பான்?

இது சர்க்கார் பக்கம். தனியார் காலேஜ் பக்கம் போனால் அங்கே வாத்தியாரே ஆவியாக உலவுகிறார். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அண்ணா சர்வகலாசாலையின் கீழுள்ள 224 என்ஜினீயரிங் காலேஜ்களில், 353 பேர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காலேஜ்களில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள்! ஒரே ஆள் பத்துக் காலேஜுக்கு மேல் ‘வேலை பார்த்த’ அதிசயமும் அதில் உண்டு. சர்வகலாசாலையும் முறைகேடு நடந்தது என்று ஒப்புக்கொண்டது. நூறு நாள் வேலையில் செத்தவன் பெயர் மஸ்டர் ரோலில் இருந்தால் மேஸ்திரியைத் திருடன் என்று சொன்னோம். காலேஜ் முதலாளி அதையே செய்தால் அவருக்குக் கல்வித் தந்தை என்று பட்டம். பெட்டி இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வருகிற குழு, வாத்தியார் இருக்கிறாரா என்பதைக் காகிதத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

இவ்வளவும் எழுதினால், ‘கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டருக்கு விரோதிகள், அன்றே எதிர்த்தவர்கள்’ என்று பழைய பாட்டைப் பாடுவார்கள். ஆமாம், 1960-களின் நடுவில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் அந்த இயந்திரத்தை உள்ளே விடாமல் இரவு பகலாகக் காவல் நின்றார்கள். வேலை போய்விடும் என்ற பயம் பொய்ப் பயமல்ல. அதே சமயம் இயந்திரம் நமக்கு அந்நியமும் அல்ல. 1804-ஐ ஒட்டி பிரான்சில் ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தறியைப் பூவேலை நெய்யவைத்தார். அந்த அட்டை யோசனையைத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே கம்ப்யூட்டரின் பாட்டன் ஒரு தறி. நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு அதில் பாத்தியதை இல்லை என்று எவன் சொல்ல முடியும்?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் திட்டம் வந்தபோது, ஒரு அமெரிக்கக் கம்பெனியின் சரக்கை மட்டும் பாடமாக வைப்பதை ஆசிரியர் சங்கமே எதிர்த்தது. ‘கம்ப்யூட்டர் வேண்டாம்’ என்று அவர்கள் சொல்லவில்லை, ‘எங்களுக்குச் சொல்லிக் கொடு, பிறகு நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம், காசு கேட்காத லினக்ஸை வை’ என்றார்கள். சில வருஷங்களில் அங்கே பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. சாதாரணக் கணக்கு வாத்தியாரும் மலையாள வாத்தியாரும் கற்றுக்கொண்டு கற்றுக் கொடுத்தார்கள். அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டி வாங்கும் முன்பு வாத்தியாரைக் கேட்டார்கள். அல்லது வாத்தியார் கேட்கவைத்தார். நம் தங்கையின் காலேஜில் நாற்பது பெட்டி இறங்கியபோது அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறக்கிவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு கேட்கிறார்கள், திருப்தியா என்று.

இங்கே பெட்டிக்குப் பஞ்சமில்லை. 2011 முதல் லட்சக்கணக்கில் இலவச மடிக்கணினி கொடுத்தார்கள், நடுவில் நிறுத்தினார்கள், 2025 பட்ஜெட்டில் இருபது லட்சம் காலேஜ் மாணவர்களுக்கு என்று மறுபடி அறிவித்தார்கள். கொடுக்கட்டும், நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதை நாம் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். பெட்டியின் மேல் படம் ஒட்ட முடிகிறது. வாத்தியாரின் நெற்றியில் ஒட்ட முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, பெட்டிக்குக் கிடைக்கிற அவசரம் வாத்தியார் நியமனத்துக்குக் கிடைப்பதில்லை. யானையை வாங்கிவிட்டுப் பாகனைப் பட்டினி போடுகிறவனை என்னவென்று சொல்வது?

இதெல்லாம் வாத்தியார்கள் சமாசாரம், ஆலையிலும் வயலிலும் உழைக்கிற நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கரணையில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து மேடவாக்கம் வரை ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டார்கள். சதுப்பு ஓரத்தில் மீன் பிடித்தார்கள், கோரை அறுத்தார்கள். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. வயல் மனையாயிற்று. சதுப்பு நிலத்தில் குப்பையும் கட்டடமும் தின்றது போக மிச்சத்தை, 1,247 ஹெக்டேர் என்று கணக்கிட்டு, 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நாற்று நட்ட கைகள் எங்கே போயின? அதே மாளிகைகளில் தரை துடைக்கின்றன. வாசலில் நின்று சல்யூட் அடிக்கின்றன. கம்ப்யூட்டர் யுகம் நம்மை மாளிகைக்குள் விட்டது, துடைப்பத்தோடு.

துடைப்பம் பிடித்த அந்தத் தாயின் பெண்தான் இந்தக் காலேஜில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படிக்கிறாள். பணக்காரப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், பையில் ஒன்று. வாத்தியார் சரியில்லை என்றால் காசு கட்டித் தனியாகக் கற்றுக்கொள்வான். இவளுக்கு உள்ளது வாரத்துக்கு நாலு மணி நேரம், மூன்றில் ஒரு பங்கு திரை, இந்த ஒரு வாத்தியாரம்மா. அந்த அம்மா மே மாதம் ஜவுளிக் கடையில் பில் போடப் போய், ஜூனில் திரும்ப வராவிட்டால், படிப்பு நடுவில் அறுந்து போகும். நூல் அறுந்தால் ஆலை முதலாளி பதறுகிறான். இது அறுந்தால் பதற வேண்டியவர்கள் நாம்.

“நிரப்பத்தான் வேணுமா அண்ணா?” என்று கேட்டார் அந்தத் தங்கை.

“நிரப்பும்மா. கேட்ட கேள்விக்கு உண்மையைப் போடு. கேக்காத கேள்வியையும் நீயே எழுதிப் பதில் போடு” என்றேன்.

ராத்திரி பத்தரை வரை உட்கார்ந்து எழுதினார். வெளிச்சத்துக்கு இரண்டு. திரைக்கு ஒன்று. நாற்காலிக்கு மூன்று, நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறதாம். இருபத்துநாலாவது கேள்விக்குக் கீழே கோடு கிழித்து, இருபத்தைந்து என்று இலக்கம் போட்டார். மாதச் சம்பளம், மே மாதக் கணக்கு, மானியக் குழு சொன்ன 50,000, பன்னிரண்டு மாதமும் வேலை, நிரந்தர நியமனம் எல்லாவற்றையும் எழுதினார். தனியாகக் கொடுத்தால் தனியாக வெட்டுவார்கள் என்பது பின்னி மில் தொழிலாளியின் மகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுநாள் அதே இருபத்தைந்தாவது கேள்வியைத் தம்மைப் போன்ற மற்றக் கௌரவ ஆசிரியர்களிடமும் காட்டியிருக்கிறார். பதினொரு பேர் தங்கள் படிவங்களிலும் அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் பெற்றவர்களின் மனு தனியாகத் தயாராகிறது. அது நம் ஆபீசில்தான் இருக்கிறது. நேற்று வரை நாற்பத்திரண்டு கையெழுத்து, பதினேழு கைநாட்டு. காலேஜில் பிள்ளை படிக்கிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரலாம். செருப்பை வெளியே விட வேண்டியதில்லை.